கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற லேப்டாப்

திங்கட்கிழமை, மூன்றாம் தேதி.

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் மாமா லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதும் கடிதம். நான் சுகம். லிஃப்டும் சுகம். போன வாரம் மட்டும் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் அரை மணி நேரம் முரண்டு பிடித்து நின்றுவிட்டது. உள்ளே எட்டுப் பேர். அவர்களில் ஒரு பெரிய மனிதர் வியர்த்துக் கொட்ட, "இப்ப என்னய்யா பண்றது?" என்று என்னைக் கேட்டார். "உங்களுக்குப் பாட வரும்னா பாடுங்க சார், இன்னிக்கு யாரும் எழுந்து போக முடியாது" என்றேன். அதற்காக மேலே புகார் போய், எனக்கு ஒரு எச்சரிக்கைத் தாள் வந்திருக்கிறது. அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நல்ல கெட்டித் தாள், வீணாக்குவானேன்.

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. நாலு வரிக்கு ஒரு தடவை மணி அடித்து எவராவது கூப்பிடுகிறார்கள். ஏற்றி இறக்கிவிட்டு வந்து எங்கே விட்டேன் என்று தேடுவதற்குள் அடுத்த மணி. அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

பயப்படாதே, பணம் கேட்டு எழுதவில்லை. யோசனை கேட்டுத்தான். வீட்டு உபயோகத்துக்கு ஒரு லேப்டாப் வாங்கலாம் என்று இருக்கிறேன். என் கைக்கு எட்டுகிற விலையில், உருப்படியாக ஒன்று. நீ அங்கே வெளிநாட்டுக் கிடங்கில் நாள் முழுக்க அந்தப் பெட்டிகளைத்தானே அடுக்குகிறாய், எது திரும்பி வருகிறது, எது வராமல் இருக்கிறது என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்.

இங்கே லிஃப்டில் வந்து போகிறவர்களிடம் கேட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. நாலாம் மாடி ஆடிட்டர், "ராம் எட்டு ஜிபிக்குக் குறையக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார், என்னவோ நான் அவரிடம் கணக்கு மறைத்த மாதிரி. ஏழாம் மாடி வக்கீல், "எதை வேணா வாங்கு, கேரண்டி தாளைப் படிக்காம கையெழுத்துப் போடாதே" என்றார். இரண்டாம் மாடி டைப்பிஸ்ட் அம்மா திரை பெரிதாக இருக்கட்டும், கண் கெட்டுப் போகும் என்றார். பதினொன்றாம் மாடி முதலாளி யோசனையே சொல்லவில்லை. "உனக்கெதுக்குய்யா லேப்டாப்? அதுலயே லிஃப்டை ஓட்டப் போறியா?" என்றார். "ஆமா சார், வீட்டுல படுத்துக்கிட்டே உங்களை ஏத்தி இறக்கலாமேன்னு" என்றேன். சிரித்தார். சிரித்தது பத்தாம் மாடி வரைக்கும் கேட்டது.

ஆனால் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து நின்றார்கள். எதற்கு வாங்குகிறாய்? படம் பார்க்கவா, விளையாடவா, ஆபீஸ் வேலைக்கா? சும்மா, வீட்டு உபயோகத்துக்கு என்று சொல்லிவைத்தேன். பேசுவதற்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாயைத் திறந்து சொல்லக் கூடாது என்றுதான் சத்தியம். கையால் எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் இந்தக் கடிதம் உன்னிடம் வருகிறது. போனில் சொல்லலாம் என்றால் லிஃப்டுக்குள் சிக்னல் வராது, எங்கள் வீடோ ஒரே அறை, உனக்குத் தெரியும். நான் குசுகுசுத்தாலும் அவள் காதில் விழும்.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. நல்ல கட்டி இல்லை. நாலு மாதமாகக் குரல் கம்மிக்கொண்டே வந்தது. கத்திக் கத்தி வேலை செய்கிறவள்தானே, தொண்டை கட்டியிருக்கும் என்று நானும் வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். "ஒரு வழியா எனக்கும் பேச சந்தர்ப்பம் கிடைச்சுது" என்று கேலி வேறு செய்தேன். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, துணுக்கு எடுத்துச் சோதித்து, முடிவாகச் சொல்லிவிட்டார்கள். குரல் வருகிற இடத்தையே எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் நம்பிக்கையாகச் சொல்கிறார். பேச்சு மட்டும் இருக்காது.

இருபத்துநாலாம் தேதி படுக்கையில் சேர்க்கிறார்கள். மறுநாள் ஆபரேஷன்.

ஒன்பதாம் மாடியில் கூப்பிடுகிறார்கள். போய்விட்டு வருகிறேன்.

புதன்கிழமை, ஐந்தாம் தேதி.

அன்றைக்கு விட்ட பிறகு எழுத முடியவில்லை. நேற்று முழுக்க ஆஸ்பத்திரி. ஒரு சீட்டை வாங்க ஒரு வரிசை, அந்தச் சீட்டில் முத்திரை குத்த இன்னொரு வரிசை. நான் நாள் முழுக்க ஜனங்களை ஏற்றி இறக்குகிறவன், அங்கே என்னை எல்லோரும் ஏற்றி இறக்குகிறார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக் கூடத் தெம்பில்லை. உன் அக்காதான் கழற்றி ஓரமாக வைத்தாள். யாருக்கு உடம்பு சரியில்லை என்றே தெரியாமல் போய்விட்டது.

உன்னிடம் யோசனை கேட்டேன் அல்லவா, நீ பதில் போட்டு அது வரும் வரை பொறுக்க நேரம் இல்லை. வாங்கிவிட்டேன். எப்படி வாங்கினேன் என்பதைச் சொல்கிறேன், உனக்குச் சிரிப்பு வரும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பழக்குகிற டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். எழுத்தைத் தட்டினால் படித்துச் சொல்கிற வசதி இருக்கிறது, போனிலேயே செய்யலாம் என்றார். உன் அக்காவின் விரல்தான் உனக்குத் தெரியுமே, முட்டி முட்டியாக வீங்கி, போன் கண்ணாடியில் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. அவளுக்கு அழுத்தினால் அழுந்துகிற பொத்தான் வேண்டும். அத்தோடு, குரல் இருக்கும்போதே முக்கியமான வார்த்தைகளை அவள் குரலிலேயே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் டாக்டரம்மா சொன்னார். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, ஜன்னலைத் திற, இப்படி ஒரு பட்டியல் கொடுத்தார்.

உன் அக்கா பட்டியலைப் பார்த்தாள். மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "இதையெல்லாம் கையைக் காட்டியே கேட்டுக்குவேன். எனக்கு நம்பர்தான் வேணும்" என்றாள்.

அவள் வேலை செய்யும் கண் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக டோக்கன் கூப்பிடுகிறவள் அவள்தான். நம்பர் காட்டும் பலகை ஒன்று வாங்கி மாட்டினார்கள். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு மூடி உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பலகை எங்கே தெரியும்? குரல்தான் தெரியும். பலகை இப்போது மூலையில் கிடக்கிறது. தலைமை நர்ஸம்மா நல்லவர். "கடைசி பெஞ்சு வரைக்கும் நம்பர் கேட்டாப் போதும், எதுல இருந்து வந்தா எனக்கென்ன, உங்க இடம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் உன் அக்கா ஆபரேஷனுக்குச் சரி என்றாள். அதுவரைக்கும், வாயை எடுத்துட்டு என்னை வெச்சு என்ன பண்ணப் போறீங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆக எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கடைசி பெஞ்சு எவ்வளவு தூரம்? போய் அளந்தேன். கவுண்டரிலிருந்து இருபத்திரண்டு காலடி.

எங்கள் கட்டடத்துக்கு எதிரே புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கடை. உள்ளே போனால் குளிர்ச்சி, வெளிச்சம், கழுத்துப் பட்டை கட்டிய விற்பனையாளர். விலை குறைவாகக் காட்டுங்கள் என்றேன். நாலு காட்டினார். எல்லாம் தட்டு மாதிரி மெல்லிசு. அதன் ஞாபகசக்தி எவ்வளவு, எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லாமல் ஓடும் என்று ஒப்பித்தார். நான், "அதெல்லாம் இருக்கட்டும், இதைக் கொஞ்சம் பேச வைங்க" என்றேன். ஏதோ ஒரு செய்தியைப் போட்டார். நான் திரும்பி நின்று ஒன்று, இரண்டு என்று காலடி வைத்து நடந்தேன். பதினாலாவது அடியில் கடை முடிந்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் மிச்சம் எட்டு அடியும் வைத்துவிட்டு, அங்கிருந்து "ஒண்ணும் கேக்கலை, அடுத்ததைப் போடுங்க" என்று கத்தினேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். இப்படியே நாலு தடவை. நாலாவது தடவை கதவைப் பிடித்துக்கொண்டு காவலாளி கூடவே வந்துவிட்டார், நான் எதையோ இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுகிறேன் என்று.

கதவைத் திறந்து வைத்தும் நாலும் கொசு மாதிரிதான். குனிந்து பார்த்தால் ஒலி வருகிற ஓட்டை எல்லாம் அடிவயிற்றில் இருக்கிறது. மேஜைக்குத்தான் அது பேசுகிறது, மனிதனுக்கு இல்லை. விற்பனையாளர் பாவம், சளைக்காமல், தனியாக ஒரு ஸ்பீக்கர் டப்பா வாங்கி மாட்டிக்கலாம் என்றார். "என் சம்சாரம் ஒரு கையில உடம்பையும் இன்னொரு கையில வாயையும் தூக்கிக்கிட்டு அலையணுமா?" என்று கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத்தான் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

கடைசியில் லிஃப்டே வழி காட்டியது. ஒன்பதாம் மாடி கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அங்கே பழைய லேப்டாப்புகளைத் தள்ளிவிடுகிறார்கள் என்றார். போய்ப் பார்த்தேன். கறுப்பாக, தடியாக, செங்கல் மாதிரி ஒன்று. பாதிப் பொத்தானில் எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பொத்தானும் குழியாக, விரல் உட்கார இடம் விட்டு இருக்கிறது. ஒலி வருகிற ஓட்டைகள் பொத்தானுக்கு மேலே, நம் முகத்தைப் பார்த்து. போடச் சொன்னேன். ஒன்பதாம் மாடி வராந்தாவில் இருபத்திரண்டு காலடி நடந்து போய் நின்றேன். கேட்டது மாப்பிள்ளை. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அங்கேயே சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

ராம் நாலோ என்னவோ. ஆடிட்டரிடம் சொல்லிவிடாதே.

வியாழக்கிழமை, பதின்மூன்றாம் தேதி.

ஒரு வாரம் ஓடிவிட்டது. முதலில் எழுதிய தாளைச் சாப்பாட்டுப் பைக்குள் மறைத்து வைத்திருந்தேன், ஓரத்தில் எண்ணெய் பட்டிருக்கிறது, கண்டுகொள்ளாதே.

லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று உன் அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒன்பதாம் மாடிக்காரர் அதில் தமிழ் படிக்கிற ஒரு பெண் குரலைப் போட்டுக் கொடுத்திருந்தார். "வணக்கம், நான் உங்களுக்கு உதவலாமா" என்று அது சொன்னதும் உன் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "யாரு இவ? இத்தனை வருஷம் கழிச்சு வீட்டுக்கு இன்னொருத்தியைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றாள். "இவ திட்ட மாட்டா, அதான்" என்றேன். "திட்டாம இந்த வீட்டை எப்படி நடத்துவாளாம்?" என்றாள். நாலு மாதத்தில் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாளிலிருந்து நம்பர் பதிந்தோம். காலையில் கொஞ்ச நேரம்தான் அவள் குரல் பழைய மாதிரி இருக்கும். ஒன்பது, பத்து மணி தாண்டினால் மரம் அறுக்கிற சத்தம் வந்துவிடுகிறது. அதனால் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாளைக்கு இருபது நம்பர். நான் பொத்தானை அழுத்துவேன், அவள் சொல்லுவாள். ஆறு காலையில் நூற்றிருபது. எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிற என்னை, வாயில் துணியை வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டாள்.

அதில் ஒரு கூத்து நடந்துவிட்டது. பதினாறு வருடப் பழக்கம், அவளுக்கு வெறும் நம்பராகச் சொல்ல வரவில்லை. பின்னாலேயே வாலும் சேர்ந்து வருகிறது. "முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு யாருப்பா, வீட்டுக்குப் போயிட்டீங்களா?" "ஐம்பத்தொண்ணு. மெதுவா வாங்க, டாக்டர் எங்கேயும் ஓடிட மாட்டாரு." தொண்ணூற்றிரண்டில் இருமல். நூற்றாறில் என் சிரிப்பு. துணியையும் தாண்டி வந்துவிட்டது. ஒன்பதாம் மாடிக்காரர் கேட்டுவிட்டு, வாலையெல்லாம் வெட்டிச் சுத்தமாக நம்பர் மட்டும் வைத்துத் தரட்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம்பரைத் தட்டிப் பெரிய பொத்தானை அழுத்தினால் அவள் குரல் வருகிற மாதிரி செய்து கொடுத்திருக்கிறார். கூலி கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. என்ன செய்ய, ஒன்பதாம் மாடிக்கு மட்டும் லிஃப்டை வேகமாகவா விட முடியும்?

நேற்று சாயங்காலம் கண் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். கவுண்டரில் வைத்துவிட்டு நான் கடைசி பெஞ்சு பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். நர்ஸம்மா நாற்பத்தேழைத் தட்டினார். "நாப்பத்தேழு. எழுந்து வாங்க, கால்ல வேர் விட்டுடுச்சா?" என்று வந்தது. எனக்கு முன்னால் கண்ணைப் பஞ்சால் மூடி உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் சடாரென்று எழுந்து, "இதோ வர்றேன்மா, கோவிச்சுக்காதே" என்று சொல்லிக்கொண்டே, கையை நீட்டித் துழாவிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் டோக்கன் அறுபதோ என்னவோ, தூக்கத்தில் இருந்திருக்கிறார். உன் அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துத் திரும்ப உட்கார வைத்தாள். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தோளை மட்டும் தட்டிக்கொடுத்தாள். இனிமேல் இப்படித்தான் என்று பழகிப் பார்த்தாளோ என்னவோ.

இதோடு கடிதத்தை முடித்து மடித்திருப்பேன். இன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், எல்லா நம்பரும் சரியாக இருக்கிறதா என்று லிஃப்டை நிறுத்திவைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நூற்றிருபதுக்கு அப்புறம் இன்னும் ஒன்று இருந்தது. நம்பர் இல்லாத ஒன்று. நான் பதிந்தது இல்லை.

போட்டேன். முதலில் வெறும் மின்விசிறிச் சத்தம். பிறகு அவள் குரல். "சுண்டெலி" என்றது.

மாப்பிள்ளை, அந்தப் பேரை இந்த வீட்டில் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. உன்னை அப்படிக் கூப்பிட அவள் ஒருத்திக்குத்தான் உரிமை, நான்கூட ஒரு தடவை கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுபடி, "டேய் சுண்டெலி." இருமினாள். தண்ணீர் குடிக்கிற சத்தம். "அக்காடா" என்றாள். மூச்சு விடுவது கேட்கிறது. எதையோ சொல்ல எடுக்கிறாள், மாப்பிள்ளை, அந்த மூச்சு எனக்குத் தெரியும். அப்போது கதவு திறக்கிற சத்தம். நான்தான், தண்ணீர்க் குடத்தோடு. "என்ன, மிஷினோட குசுகுசுன்னு ரகசியம்?" என்று என் குரல் கேட்கிறது. அதோடு நின்றுவிட்டது.

என்னுடைய ஜோக்குதான் குறுக்கே விழுந்தது. இத்தனை வருடமாக எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ஜோக்கைப் போட்டுத்தான் பிழைப்பை ஓட்டியிருக்கிறேன். இன்றைக்குத்தான் அது எனக்கே அலுத்துப்போனது. மூன்றாம் மாடியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் போகவில்லை.

உங்கள் அப்பா இறந்தபோது நீ வர முடியாமல் போனது உன் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். உன் முதலாளி விடவில்லை. அவளுக்கும் அது தெரியும். எல்லாக் காரியத்தையும் தனியாகச் செய்துவிட்டு நின்றவள், போனில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். "இனிமே என் குரல் உன் காதுல விழாது, போ" என்றாள். நீயும் கோபத்தில் சரி என்று வைத்துவிட்டாய். அப்புறம் நீ கூப்பிடும்போதெல்லாம் போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். நீயும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாய்.

கட்டி என்று டாக்டர் சொன்ன அன்று பஸ்ஸில் வரும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் அன்னிக்குச் சொன்னது இதுதானோ?" என்றாள். அதெல்லாம் ஒன்றுமில்லை, உடம்பு என்றால் வரும் என்றேன். தலையை ஆட்டினாள். நம்பவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. ஆறாம் மாடி கூரியர்காரர் இன்றைக்கே இதை அனுப்பிவிடுகிறார். திங்கட்கிழமைக்குள் உன் கையில் கிடைத்துவிடும் என்று சத்தியம் செய்திருக்கிறார். இருபத்துமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு, எங்கள் நேரத்துக்கு, என் போனுக்கு நீ கூப்பிட வேண்டும். அவள் குரல் நன்றாக இருக்கிற நேரம் அது. அதற்கு அடுத்த நாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவோம்.

உன் பேர் வந்தால் அவள் எடுக்க மாட்டாள், என்னைத் தேடுவாள். அதனால் என் போனில் உன் பேரை அழித்துவிட்டு, உன் நம்பருக்கு "ஒன்பதாம் மாடி கம்ப்யூட்டர்" என்று பேர் போட்டு வைத்திருக்கிறேன். அறுபத்தொன்றிலிருந்து எழுபது வரைக்கும் பத்து நம்பர் அழிந்துபோய்விட்டது, ஒன்பதாம் மாடிக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுவார், போனிலேயே சொன்னால் பதிந்துகொள்வார் என்று அவளிடம் சொல்லப் போகிறேன். ஒரு பொத்தானை ஒழுங்காக அழுத்தத் தெரியாத மனுஷன் என்று எனக்கு நிச்சயம் திட்டு கிடைக்கும். கிடைக்கட்டும், இன்னும் பத்து நாளைக்குத்தானே கிடைக்கும். ஒரு நம்பரும் அழியவில்லை, நீ கவலைப்படாதே.

எட்டு மணிக்கு முன்னாலேயே நான் போனை வீட்டில் மறந்துவிட்டு வெளியே போய்விடுவேன். தெருமுனைக் கடையில் உட்கார்ந்து டீ குடிப்பேன். ஒன்பது வரைக்கும் திரும்பி வர மாட்டேன். இந்தத் தடவை நான் குறுக்கே வர மாட்டேன்.

அவள் எடுத்ததும், "அறுபத்தொண்ணுல இருந்துதானே?" என்று கேட்பாள். நீ மன்னிப்பு, சமாதானம் என்று எதையும் ஆரம்பிக்காதே. "ஆமா அக்கா, சொல்லு" என்று மட்டும் சொல். குரல் தெரிந்துவிடும். திட்டினால் திட்டட்டும், குறுக்கே பேசாமல் வாங்கிக்கொள். ஒன்றும் பேசாமல் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தாலும் ஆரம்பிப்பாள், அவள் பிடிவாதம் அப்படி. சொல்லட்டும், கேட்டுக்கொண்டே இரு. நடுவில், அறுபத்துநாலிலோ அறுபத்தைந்திலோ, நின்றுவிடுவாள். ரொம்ப நேரம் சத்தமே வராது. போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, மாப்பிள்ளை. வைத்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். கிடங்கில் கனம் தூக்கும்போது இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும். உனக்கு இதைச் சொல்ல வேண்டியவள் சொல்லும் வரைக்கும், அவளுக்குப் பதிலாக நான் சொல்லி வைக்கிறேன்.

கீழே மூன்று பேர் காத்திருக்கிறார்கள், கதவைத் தட்டுகிறார்கள்.

உன் மாமா